விலக்குக்கு வந்த வந்துரும் அண்ணாச்சி

இந்த உலகத்தில் யாருக்கு என்ன ஆபத்து வருவதாக இருந்தாலும், அது முதலில் வந்துரும் அண்ணாச்சியின் மனசுக்குள் நுழைந்து ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வரும். வெள்ளம், தீ, திருடன், தேள், விஷக்காய்ச்சல், கல்யாண வீட்டு ரசத்தில் பல்லி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே வார்த்தைதான்: "வந்துரும்." பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? அவர் வீட்டிலேயே வருஷக்கணக்கில் குடியிருந்த எனக்கே அது ஞாபகம் இல்லை. ஊரில் கேட்டால் ஊருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

குற்றால சீசனுக்குப் போய்விட்டு அப்படியே செங்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் கண்டக்டர், "விலக்கு, விலக்கெல்லாம் எறங்கு" என்று விசில் கொடுப்பார். ஓட்டல், ரைஸ் மில், மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பாங்கு என்று ரோட்டின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு கிடக்கும். எங்கள் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஓர் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை விலக்கு என்போம். ஊர் உள்ளே இருக்கும், விலக்கு ரோட்டில் இருக்கும். இந்த விலக்குக்கு மட்டும் உள்ளே ஊர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அதன் பெயர் அக்கரைக்குடி.

ஐம்பதுகளின் பின்பாதியில், பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு, தகரப் பெட்டியும் பைபிளும் குடையுமாக நான் அந்த விலக்கில் இறங்கினேன். அக்கரைக்குடி ஆரம்பப் பள்ளிக்கு நான் ஒருத்திதான் டீச்சர். அன்றைக்கு விலக்கு என்றால் ஒரு வாகைமரம், அதன் கீழே கடையநல்லூர் ராவுத்தர் ஒருவரின் ஓலை வேய்ந்த டீக்கடை, அவ்வளவுதான். ராவுத்தர் கையை நீட்டி வழி காட்டினார். "நேராப் போங்கம்மா. ஓடை வரும். ஓடைக்கு அங்கன ஊரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஓடையில ஒரு ஆளு சத்தம் போடுவாரு. பயப்படாதீங்க" என்றார்.

அப்பா இல்லாத வீட்டிலிருந்து முதல் முறையாகத் தனியே வந்தவள் நான். ஓடையில் ஓர் ஆள் சத்தம் போடுவார் என்று கேட்டபின் பயப்படாமல் இருப்பது எப்படி? சாரல் முகத்தில் அடிக்க, பெட்டி கையை இழுக்க, ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவு சலசலத்தது. செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்தேன்.

"நில்லுங்க! யாரும்மா அது? அந்தக் காலை வெளிய எடுங்க!"

எதிர்க்கரையில் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு மனிதர், தலையில் துண்டு, தோளில் வடம்போல் சுருட்டிய கயிறு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

"தண்ணி கணுக்கால்தானே இருக்கு?" என்றேன்.

"இப்பம் கணுக்கால்தான். ஐந்தருவிக்கு மேல மேகம் நிக்கத பாத்தீங்களா? நீங்க நடு ஓடையில நிக்கும்போது வந்துரும்."

அவரே இறங்கி வந்தார். இக்கரை மரத்துக்கும் அக்கரை மரத்துக்கும் ஏற்கெனவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தோளில் இருந்த கயிற்றின் ஒரு முனையை என் பெட்டியில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். போனால் பெட்டியும் அவரும் சேர்ந்தே போவதாக ஏற்பாடு. கணுக்கால் தண்ணீரைக் கடக்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவர் வீடு. வீட்டின் முன்கட்டில் பலசரக்குக் கடை. பின்னால் இருந்த அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். கடையில் ஒரு சட்டம் இருந்தது. தீப்பெட்டி வாங்கியவருக்கு அன்றைக்கு மண்ணெண்ணெய் கிடையாது. மண்ணெண்ணெய் வாங்கியவர் தீப்பெட்டிக்கு மறுநாள் வரவேண்டும். ரெண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துக் கொடுத்தால் தீ வந்துருமாம். கடையிலும் ரெண்டையும் அடுத்தடுத்து வைக்கமாட்டார். தீப்பெட்டிகள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டின மாடத்தில் இருக்கும். அதனால் அவர் கடைத் தீப்பெட்டியால் அக்கரைக்குடியில் யாரும் சுலபமாக அடுப்பு பற்றவைத்ததில்லை.

அவர் மனைவி வடிவு மதினிக்குப் பயம் என்பதே இல்லை. இருந்த பயம் முழுவதையும் புருஷன் எடுத்துக்கொண்டதால் மதினியின் பங்குக்கு மிஞ்சவில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகள் கிடையாது. "ஒரு பிள்ளை இருந்திருந்தா இந்த மனுசன் அதைத் தரையிலயே விட்டிருக்கமாட்டாரு டீச்சர். உறியில கட்டித் தொங்கவிட்டிருப்பாரு" என்பாள் மதினி.

முதல் வாரம் நான் இரவில் அழுதது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். ஒரு நாள் காலையில் கடையில் சீனி நிறுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "டீச்சரம்மா, நீங்க பயப்படாதீங்க. பயப்படுததுக்கு இங்கன நான் ஒரு ஆளு இருக்கேன். நீங்க உங்க சாமிகிட்ட ஜெபம் பண்ணும்போது ஓடையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. எங்க சாமிகிட்ட நான் சொல்லியாச்சு."

அந்த வருஷமோ அடுத்த வருஷமோ ரோட்டுக்குத் தார் போட்டார்கள். அதுவரை மாட்டுவண்டியும் எப்போதாவது ஒரு பஸ்ஸும் போன ரோட்டில், மலையாளத்துப் பக்கமிருந்து மரத்தடி ஏற்றிய லாரிகள் ஓட ஆரம்பித்தன. சீசனுக்கு வருகிற கார்கள் ராவுத்தர் கடையில் நின்றன. ராவுத்தர் ஓலையைப் பிரித்து ஓடு போட்டார். பக்கத்தில் ஒருவர் வாடகை சைக்கிள் கடை வைத்தார். பழக்கடை வந்தது. பிறகு கரண்டு வந்தது, கரண்டோடு ரைஸ் மில்லும் வந்தது. பஸ் கம்பெனிக்காரர்கள் ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்றை நட்டார்கள். எழுதிய பெயின்டர் 'அக்கறைக்குடி' என்று வல்லின றகரம் போட்டுவிட்டார். டீச்சர் என்ற முறையில் எனக்குக் கை துடித்தது. பிறகு அண்ணாச்சியை நினைத்து, எழுத்து சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லாம் வர வர, அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் போனது தட்டார் குடும்பம். "பொம்பளப் பிள்ளைக்கு மேலு சரியில்லன்னா ஓடைத் தண்ணி வடியுததுக்கா காத்துக்கிட்டு இருக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு விலக்குக்குப் போனார்கள். அது நியாயமான பேச்சு. அடுத்து மில்லில் வேலை கிடைத்தவர்கள் போனார்கள். பிறகு, அவர்கள் போய்விட்டார்களே என்று மற்றவர்கள் போனார்கள். போகிறவர்கள் வீட்டை விற்கவில்லை, வாங்க ஆள் ஏது? கதவையும் நிலையையும் பெயர்த்து, ஓட்டைப் பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாக ஒரு வீட்டின் உத்தரம் வண்டியில் போய்க்கொண்டிருக்கும். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அது எங்க வீடு" என்பான்.

ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அண்ணாச்சி கூடவே ஓடைவரை ஓடுவார். "சக்கரத்தப் பாத்து வே! அச்சு முறிஞ்சிரும்! பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கன ரோட்டு ஓரத்துல நிக்காதீக, லாரி வந்துரும்!" திரும்பி வரும்போது முகம் பேயறைந்ததுபோல இருக்கும். ஒரு வீடு காலியானால் அவருக்கு அங்கே வசித்தவர்களைப் பற்றிய பழைய கவலை போய்விடும் என்று நினைப்பீர்கள். அது போகாது. இனிமேல் அந்த வீட்டுக்குள் யார் வந்து ஒளிந்துகொள்வார்களோ என்ற புதுக் கவலை அதோடு சேர்ந்துகொள்ளும்.

திருடர்களுக்கு அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சாயங்காலமானால் ஒரு கூடை நிறைய அகல்விளக்குகளை எடுத்துக்கொண்டு போய், காலி வீடு ஒவ்வொன்றிலும் ஒன்றை ஏற்றி வைத்தார். தூரத்தில் நின்று பார்க்கிற திருடன் ஊரில் ஆள் இருப்பதாக நினைக்கவேண்டும். வெளிச்சம் மட்டும் போதாது என்று பட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நின்று இருமிவிட்டு வந்தார். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. தட்டார் வீட்டில் தட்டார் இருமுகிற மாதிரி வறட்டு இருமல். நாட்டு வைத்தியர் வீட்டில் நீளமான கபக்கட்டு இருமல். விதவைப் பெண்மணி ஒருத்தி இருந்த வீட்டில் மெல்லியதாக இரண்டு இருமல், பிறகு "முருகா" என்று ஒரு சத்தம்.

ஒரு சாயங்காலம் அலுமினியப் பாத்திரம் விற்கிற வெளியூர்க்காரன் ஒருவன், இருமல் சத்தம் கேட்டு நல்ல வியாபாரம் என்று நம்பிப் போய்த் தட்டார் வீட்டு முன்னால் கூவியிருக்கிறான். அண்ணாச்சி வெளியே வந்து, வேண்டாம் என்றார். அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றி அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே ஒரு வீட்டில் இருமல் கேட்டது. கூவினான். அண்ணாச்சி வெளியே வந்து வேண்டாம் என்றார். மூன்றாவது வீட்டில் 'முருகா' என்று பெண் குரல் கேட்டு, ஆறுதலோடு கூப்பிட்டிருக்கிறான். அங்கேயும் அண்ணாச்சி வந்தார். பாத்திரக்காரன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஓடையைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து, ராவுத்தர் கடைக்குள் புகுந்த பிறகுதான் நின்றானாம். கூடையைத் திருப்பிக் கொடுக்க அண்ணாச்சி அவன் பின்னாலேயே, "ஏலே, மெதுவாப் போலே! விழுந்துருவ!" என்று கத்திக்கொண்டு ஓடியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவருக்கு ஊர்ப்பற்று என்று நினைத்தார்கள். பிறந்த மண்ணை விட்டுவர மனசில்லை என்று ஓர் அதிகாரி என்னிடமே பாராட்டிச் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. அவருக்கு அக்கரைக்குடியில் இருக்கவும் பயம், அதைவிட்டுப் போகவும் பயம். இங்கே ஓடை, அங்கே ரோடு. ரெண்டுக்கும் நடுவில் அவர் ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருப்பது என் அறைக்குக் கேட்கும்.

கடைக்கு ஆள் வருவது அநேகமாக நின்றுபோனது. ஒரு நாள் மதினி வாய்விட்டே கேட்டாள். "இங்கேருங்க, யாருக்காக நீங்க கடையத் தெறந்து வச்சிருக்கீங்க? ஓணானுக்கா?"

"ஏட்டி, ரோட்டுல போயி இருந்தா லாரி வந்துரும்."

"லாரி ரோட்டுல வராம நம்ம அடுப்படியிலயா வரும்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். ரோட்டுல வாரது ஒரு நாளு அடுப்படிக்கு வந்துரும்."

ஒரு தடவை மதினியின் பிடுங்கல் தாங்காமல், விலக்கில் மனை பார்க்கக் கிளம்பினார். மனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. காலையில் போய் ரோட்டோரம் நின்றவர் மத்தியானம் வரை அங்கேயே நின்றார். வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், ஒரு காலை எடுத்து வைப்பார், பின்னால் இழுப்பார். நான் போய், "ஒரு வண்டியும் வரலையே அண்ணாச்சி" என்றேன். "அதான் டீச்சரம்மா பயமா இருக்கு. இவ்வளவு நேரமா வரலன்னா இப்பம் வந்துரும்." கடைசியில் தென்காசி பஸ் ஒன்று வந்தது. டிரைவர் தெரிந்தவர், இவரைப் பார்த்துப் பாவப்பட்டு, வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டுக் கையைக் காட்டினார். அண்ணாச்சி அசையவில்லை. "நிறுத்துன மாதிரி நடிக்கான்" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிச் சமாதானம் சொல்லியும் அன்றைக்கு அவர் ரோட்டைக் கடக்கவில்லை.

பள்ளிக்கூடமும் போனது. பிள்ளைகள் எல்லாம் அக்கரையிலிருந்து இக்கரைக்குப் போய்விட்டபின், நான் ஒருத்தி மட்டும் கரும்பலகையைக் காவல் காப்பதில் அர்த்தமில்லை. ரைஸ் மில்லை ஒட்டி ஒரு கொட்டகையில் பள்ளி நடந்தது. ஆனால் நான் குடியிருப்பை மாற்றவில்லை. மாற்றுகிறேன் என்று சொன்னால் அண்ணாச்சி என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அக்கரைக்குடியில் மீதி இருந்தது இரண்டே வீடுகள். ஒன்று அண்ணாச்சி வீடு. இன்னொன்றில் பேச்சி என்ற சின்னப்பெண், மலையாளத்து எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்த புருஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாசம். இனி அண்ணாச்சியின் கவலையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பேச்சி தும்மினால் போதும், இவர் ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருவார்.

ஐப்பசி மாதம். ஒரு காலையில் மதினி உறுதியாகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு நீங்க போயி அந்த மனைய முடிச்சிட்டு வாரீங்க. இல்லன்னா நாளைக்கி நான் பேச்சியக் கூட்டிக்கிட்டுத் தென்காசிக்குப் போயிருவேன். நீங்க இங்கன இருந்து இருமிக்கிட்டு இருங்க." அவர் என்னோடு ஓடையைத் தாண்டி வந்தார். மலைமேல் கறுத்திருந்தது. அன்றைக்குப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனசெல்லாம் ரோட்டின்மேல் இருந்தது.

மத்தியானத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் குடையோடு ஓடைக்குப் போனேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி அங்கே நின்றார். ஓடையைக் காணவில்லை. அதன் இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு ஆறு, மரக்கிளைகளையும் சருகையும் உருட்டிக்கொண்டு இரைந்தது. வருஷக்கணக்காக ஆபத்துக்கென்று அவர் கட்டி வைத்திருந்த கயிறுதான் வெள்ளத்தில் முதலில் போயிருந்தது. எதிர்க்கரையில் மதினி மஞ்சள் சேலை ஒன்றைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு நின்றாள். அவள் கத்துவது பாதிதான் கேட்டது. பாதி போதும். பேச்சிக்கு வலி எடுத்துவிட்டது. அதோடு ரத்தமும் போகிறது.

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அலறுவார், உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரும்பி ரோட்டை நோக்கி ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தார் ரோட்டின் நட்ட நடுவில், கொட்டுகிற மழையில், வந்துரும் அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். செங்கோட்டைப் பக்கமிருந்து தடி ஏற்றிய லாரி ஒன்று சரிவில் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. ஹாரன் அடிக்கிறது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார், ஆனால் நகரவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து கத்துகிறார்கள். நான் ஏசுவே என்று கத்தினேன். லாரி கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு வந்து அவர் வேட்டி நுனியைத் தொடாத குறையாக நின்றது.

"எந்தாடோ, சாகணோ?" என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே டிரைவர் குதித்து இறங்கினான்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "தம்பி, கயிறு வச்சிருக்கியா?" என்றார்.

லாரியில் வடக்கயிறு இருந்தது. கிளீனர் பையன் ஆற்றோரத்தில் வளர்ந்தவன், மெல்லிய கயிறு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே தள்ளிப் போய் நீந்தி அக்கரையில் ஏறினான். வடத்தை அதில் கட்டி இழுத்து அங்கே ஒரு மரத்தில் முடிந்தான். ராவுத்தர் யோசனையின் பேரில் மில்லில் நெல் அவிக்கிற பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதை வடத்தோடு கோத்து இரண்டு பக்கமிருந்தும் இழுப்பதாக ஏற்பாடு. ஆனால் யாராவது ஒருவர் அண்டாவில் அக்கரைக்குப் போகவேண்டும். பேச்சியைத் தூக்கி வைக்க அங்கே ஆள் போதாது.

"நான் போறேன்" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நீங்க வேண்டாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தப் பிள்ளை வேற ஆம்பளை கைபட்டா கூச்சப்படும் டீச்சரம்மா. என்கிட்ட வரும்."

அண்டாவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நடு வெள்ளத்தில் சுழன்று சுழன்று அவர் போனார். போகிற வழி முழுக்க, "மெதுவா இழுங்கடே! கை வழுக்கிரும்! அங்கன ஒரு கட்டை வருது பாருங்க!" என்று எல்லோரையும் எச்சரித்துக்கொண்டே போனார். அந்தக் குரல் கேட்கக் கேட்கத்தான் எனக்கு உயிர் வந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த முறை அண்டா திரும்பி வந்தபோது உள்ளே பேச்சியும் அவளை மடியில் தாங்கிக்கொண்டு மதினியும் இருந்தார்கள். கிளீனர் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தான். அண்ணாச்சியை அழைத்துவர அண்டாவைத் திருப்பி அனுப்புவதற்குள், எதிர்க்கரையில் வடம் கட்டியிருந்த மரம் வேரோடு சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. வடமும் அதோடு போயிற்று. டிரைவர் நிற்க நேரமில்லாமல் இரண்டு பெண்களையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஏறும்போது மதினி முதல் தடவையாகப் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "டீச்சர், அவரு அங்கன தனியா இருக்காரு." அவ்வளவுதான் சொன்னாள்.

ஊர் முழுவதும் காலியாக இருக்க, கடைசிக் குடிமகனாக அவர் ஒருவர் அந்தப் பக்கம் நின்றார். மழை விட்டது, தண்ணீர் குறையவில்லை. நாங்கள் கரையிலேயே நின்றோம். இருட்டுகிற நேரத்தில் அவர் உருவம் மறைந்தது. ராவுத்தர் வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. பிறகு தட்டார் வீட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சற்றுப் பொறுத்து அடுத்த வீட்டில் ஒன்று. கூரை இல்லாத வீடுகள், கதவு இல்லாத வீடுகள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்களுக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. பக்கத்தில் நின்றிருந்த தட்டார், தன் வீட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சிக்கு லாரியிலேயே, மேலகரம் தாண்டுவதற்குள் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தாயையும் பிழைக்கவைத்துவிட்டார்கள். விடிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அண்ணாச்சி ஓடையைக் கடந்து வந்தார். தலையில் அவர் வீட்டுக் கதவு இருந்தது.

"ராத்திரி என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பயந்தேன். வேற என்ன வேலை இருந்துச்சு?" என்றார். கதவை ராவுத்தர் கடைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அந்தப் பிள்ளை பொழைச்சுக்கிட்டாளான்னு தெரியாம கெடந்தனே, அதுதான் பொறுக்க முடியல. இனிமே இங்கனயே இருந்துருவோம். என்ன வந்தாலும் உடனே தெரிஞ்சிருமில்லா."

அத்தோடு அக்கரைக்குடி முடிந்தது. இரண்டு மூன்று வருஷங்களில் அந்தப் பக்கம் உடைமர முட்காடு மண்டிவிட்டது. விலக்கு மேலும் மேலும் நீண்டுகொண்டே போனது. அண்ணாச்சி ரோட்டிலிருந்து கூடியமட்டும் தள்ளி ஒரு கடை போட்டார். கடை இருப்பது பலருக்குத் தெரியவே நாளாயிற்று. லாரிக்கு முன்னால் நின்றதால் அவர் பயம் தெளிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் தெளியவில்லை. தனக்காக ரோட்டைக் கடக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் காலையிலும் சாயங்காலமும் பள்ளிப் பிள்ளைகளைக் கடத்திவிட ஒரு குடையை விரித்துக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும், அவரைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட நான் போகவேண்டும்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாற்றல் வந்தது. மதினி முறுக்கு சுட்டுத் தந்தாள். பஸ் ஏற்றிவிட வந்த அண்ணாச்சி, டிரைவர் முகத்தில் திருப்தி ஏற்படாமல் தானும் ஏறிவிட்டார். தென்காசி ஸ்டேஷன்வரை வந்தார். ரயிலில் எனக்கு ஜன்னலோரம் வேண்டாம், கதவோரமும் வேண்டாம் என்று நடு இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். எதிரே இருந்த அம்மாளிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ரயில் கிளம்ப மணி அடித்தபோது பிளாட்பாரத்தில் நின்று என்னையே பார்த்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்திருக்கிறது. முகம் வெளிறிவிட்டது.

"டீச்சரம்மா, நான் எப்படித் தனியாத் திரும்பிப் போவேன்?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ரயில் போய்விட்டது. அவரை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய், செங்கோட்டை பஸ்ஸில் நடு இடமாகப் பார்த்து உட்காரவைத்து, விலக்கில் இறக்கி ரோட்டைக் கடத்திவிடும்படி கண்டக்டரிடம் சொன்னேன். பஸ் திரும்பி மறைகிறவரை அவர் தலையை வெளியே நீட்டாமல், கையை மட்டும் வெளியே நீட்டி, என்னை ஓரமாக நிற்கும்படி சைகை காட்டிக்கொண்டே போனார்.

அடுத்த ரயில் சாயங்காலம்தான். ஸ்டேஷன் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இந்நேரம் பஸ் குற்றாலம் தாண்டியிருக்குமா, கண்டக்டர் மறக்காமல் இறக்கிவிட்டிருப்பாரா என்று பொழுதெல்லாம் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.